பொது ஃபைல்ல உங்க சொந்த செட்டிங் எதுக்குங்க?

இந்த எபிசோட், ரெண்டு மூணு பேரா சேர்ந்து ஒரே ப்ராஜெக்ட்ல கோட் எழுதறவங்களுக்கு. விஷயம் பாக்கச் சின்னதா இருக்கும். உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் பொருந்தற செட்டிங்கை எங்க வெக்கணும், எங்க வெக்கக் கூடாது? இதைச் சரியா வெக்கலைன்னா ஒரு நாள் அரை நாள் வேலை போகும். இன்னொரு நாள் ஜிஎஸ்டி போர்ட்டல்ல நிஜ பில்லே விழுந்திடும். ரெண்டையும் பாக்கலாம்.

ஒரு உதாரணத்தை வெச்சுக்கிட்டே பேசுவோம். திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்யற சின்ன டீம் ஒண்ணுன்னு வெச்சுக்குங்க. மூணு பேர். ஒருத்தர் அவிநாசி ரோட்டு ஆபீஸ்ல, ஒருத்தர் பல்லடத்துல வீட்டுல இருந்து, இன்னொருத்தர் கோயம்புத்தூர்ல. துணி ரோல் வந்தா எடை போடறது, ஸ்டிக்கர் அடிக்கறது, ஸ்டாக்ல ஏத்தறது, ஜாப் ஒர்க்குக்கு அனுப்ப டிசி போடறது, கடைசில பில் போடறது, இதெல்லாம் அவங்க சாஃப்ட்வேர் பாத்துக்கும்.

எடை மெஷின் சீரியல் போர்ட் வழியா கம்ப்யூட்டரோட பேசுது. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அது காம் 3. பல்லடத்துக்காரர் லேப்டாப்ல காம் 5. அவர் செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து 3-ஐ 5 ஆக்கறார், டெஸ்ட் பண்றார், வேலை முடிஞ்சதும் மொத்தமா கமிட் பண்ணி அனுப்பிடறார். மறுநாள் காலைல ஆபீஸ்ல புது கோடை இறக்கினா எடை வரமாட்டேங்குது. கேபிளை மாத்திப் பாக்கறாங்க, மெஷினை அணைச்சுப் போடறாங்க, எலக்ட்ரீஷியனுக்குப் போன் போகுது. காரணம் ஒரே ஒரு எழுத்து. இதுல யாரும் தப்பான கோட் எழுதலைங்கறதைக் கவனிங்க. பல்லடத்துக்காரர் போட்ட 5 அவர் லேப்டாப்புக்கு ரொம்பச் சரி. அது இருந்த இடம்தான் தப்பு.

ப்ரோகிராம் சீட்டும் ஆபரேட்டர் நோட்டும்

இந்த ஊர்ல இந்த எல்லை புதுசே இல்ல. ஒரு டி-ஷர்ட் ஆர்டர் ஒரே கூரைக்குக் கீழ முடியறது அபூர்வம். நிட்டிங் ஒரு இடம், சாயப்பட்டறை ஒரு இடம், பிரிண்டிங் வேற இடம், தையல் பவர் டேபிள்ல, அப்புறம் செக்கிங், அயனிங், பேக்கிங். இத்தனை கை மாறியும் கடைசில எல்லா பீஸும் ஒரே மாதிரி வரணும். அதுக்கு என்ன பண்றாங்க?

நிட்டிங்குக்கு ஒரு ப்ரோகிராம் போகும். நூல் கவுண்ட் என்ன, மெஷின் டயா என்ன, கேஜ் என்ன, லூப் லென்த் எவ்வளவு, ஜிஎஸ்எம் எவ்வளவு வரணும். அது எல்லாருக்கும் பொது. ஆனா மூணாம் நம்பர் மெஷின்ல டென்ஷன் கொஞ்சம் கூட்டினாத்தான் அந்த அளவு வரும்ங்கறது ஆபரேட்டருக்குத் தெரிஞ்ச விஷயம். அதை அவர் நோட்டுல எழுதி வெச்சிருப்பார். பையர் அனுப்பின ஷீட்ல யாரும் அதைப் போய் எழுதறது இல்ல. எழுதினா, வேற யூனிட்ல வேற மெஷின் ஓட்டறவரும் அதைப் பாத்து டென்ஷனைக் கூட்டிடுவார்.

சாயத்துலயும் அப்படித்தான். பையர் ஒத்துக்கிட்ட லேப் டிப் ஷேடு எல்லாருக்கும் பொது. அந்த ஷேடை எட்டறதுக்கு ஒவ்வொரு பட்டறையும் அவங்கவங்க தண்ணிக்கும் மெஷினுக்கும் தகுந்த மாதிரி ரெசிபியைச் சரி பண்ணிக்கும். என்ன வரணும்ங்கறது பொது. என் இடத்துல அதை எப்படி வரவெக்கறேன்ங்கறது என்னோடது. ப்ராஜெக்ட் செட்டிங்குக்கும் இதே கோடுதான்.

மூணு டப்பா

உங்க செட்டிங்ஸ் ஃபைல்ல இருக்கற ஒவ்வொரு வரியையும் மூணு டப்பால ஒண்ணுல போட்டுப் பாருங்க.

முதல் டப்பா, எல்லாருக்கும் ஒண்ணா இருக்க வேண்டியது. எந்த லாங்குவேஜ் வெர்ஷன், எந்த லைப்ரரி எந்த வெர்ஷன், கோடை எப்படி ஃபார்மேட் பண்ணணும், வரி முடிவு விண்டோஸ் பாணியா லினக்ஸ் பாணியா. இதெல்லாம் ரெப்போக்குள்ள கண்டிப்பா இருக்கணும். இதுல ஆளுக்கொரு மாதிரி வெச்சிருந்தா, வெட்டும்போது ஒருத்தர் இன்ச் டேப்பும் ஒருத்தர் சென்டிமீட்டர் டேப்பும் பிடிச்ச மாதிரி ஆயிடும்.

ரெண்டாவது டப்பா, என் மெஷினுக்கு மட்டும். டி டிரைவ்ல இருக்கற ஃபோல்டர் பாதை, எடை மெஷினோட காம் போர்ட், பார்கோடு பிரிண்டரோட பேரு, என் லோக்கல் டேட்டாபேஸோட போர்ட் நம்பர், பில்டுக்கு எவ்வளவு மெமரி கொடுக்கலாம்ங்கறது. 32 ஜிபி ராம் வெச்சிருக்கறவர் பில்டுக்கு 8 ஜிபி ஒதுக்கி அதைப் பொதுவுல போட்டுட்டா, 8 ஜிபி லேப்டாப் வெச்சிருக்கற ஃப்ரெஷரோட கம்ப்யூட்டர் அப்படியே உறைஞ்சு நிக்கும்.

மூணாவது டப்பா, ரகசியம். பாஸ்வேர்டு, ஏபிஐ கீ, ஜிஎஸ்டி போர்ட்டல் லாகின். இதையும் ரெண்டாவது டப்பாவையும் நிறைய பேர் ஒண்ணாப் போட்டுடறாங்க. வித்தியாசம் இருக்கு. ரெண்டாவது டப்பா வெளிய போனா எரிச்சல், மூணாவது போனா நஷ்டம்.

டூல்ஸ் ஏற்கனவே வழி வெச்சிருக்கு

நல்ல செய்தி என்னன்னா, நாம தினமும் பயன்படுத்தற டூல்ஸ் பலதும் இந்தப் பிரிவினையை மனசுல வெச்சுத்தான் செஞ்சிருக்காங்க. எல்லாத்துலயும் ஐடியா ஒண்ணுதான். கீழ ஒரு பொது அடுக்கு, அதுக்கு மேல ஒரு சொந்த அடுக்கு. ரெண்டுலயும் ஒரே செட்டிங் இருந்தா மேல இருக்கறது ஜெயிக்கும்.

கிட்டையே எடுத்துக்குங்க. அதோட செட்டிங் கம்ப்யூட்டர் முழுக்க ஒண்ணு, உங்க யூசருக்கு ஒண்ணு, அந்த ரெப்போக்கு ஒண்ணுன்னு முக்கியமா மூணு மட்டத்துல இருக்கு. ரெப்போக்கு கிட்டத்துல இருக்கறது ஜெயிக்கும். ரெப்போக்குள்ள இருக்கற அந்த கிட் கான்ஃபிக் ஃபைல், யாராவது குளோன் பண்ணினா அவங்களுக்குப் போகவே போகாது. நீங்க அங்க போட்ட பேர், ஈமெயில் செட்டிங் அடுத்தவங்க மெஷின்ல போய் உக்காராம இருக்கறது அதனாலதான்.

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, லோக்கல் டாட் ப்ராபர்ட்டீஸ்னு ஒரு ஃபைலைத் தானே உருவாக்கும். எஸ்டிகே எங்க இருக்குன்னு அதுல இருக்கும். இதை வெர்ஷன் கன்ட்ரோல்ல போடாதீங்கன்னு அந்த ஃபைல் தலையிலயே எழுதியிருக்கும். கிரேடில்ல, உங்க யூசர் ஃபோல்டர்ல இருக்கற கிரேடில் டாட் ப்ராபர்ட்டீஸ், ப்ராஜெக்ட்ல இருக்கறதை விட பலமானது. அதனால மெமரி அளவை அங்க மாத்திக்கலாம், ப்ராஜெக்டைத் தொட வேண்டாம். சிமேக் 3.19 வெர்ஷன்ல இருந்து ப்ரீசெட்ஸ்னு ஒரு பொது ஃபைலும், யூசர் ப்ரீசெட்ஸ்னு ஒரு சொந்த ஃபைலும் தனித்தனியா இருக்கு. டாக்கர் கம்போஸ் பயன்படுத்தறவங்க, ஓவர்ரைடுனு பேர் இருக்கற ஃபைல் ஒண்ணு பக்கத்துல வெச்சா, அதைத் தானா எடுத்துப் பொது ஃபைல் மேல போட்டுக்கும்.

நீங்களே எழுதின சாஃப்ட்வேர்னா இதே மாதிரி ரெண்டு அடுக்கு வெச்சுக்குங்க. முதல்ல பொது ஃபைலைப் படி, அப்புறம் சொந்த ஃபைல் இருந்தா அதைப் படிச்சு மேல போடு. பத்து வரி கோட்தான். அந்தச் சொந்த ஃபைல்ல மொத்தமா எல்லாத்தையும் காப்பி பண்ணி வெக்காதீங்க, மாறுறதை மட்டும் வெய்ங்க. பல்லடத்துக்காரர் ஃபைல்ல காம் 5-ங்கற ஒரு வரி போதும். முழுசாக் காப்பி எடுத்தா, நாளைக்குப் பொது ஃபைல்ல வர மாற்றம் உங்களுக்கு வந்து சேராது.

இக்னோர் பண்ண மூணு இடம்

சொந்த ஃபைல் தெரியாம கமிட்ல ஏறிடக் கூடாது இல்லீங்களா? அதுக்குத்தான் இக்னோர் பட்டியல். கிட்ல இதுக்கு மூணு இடம் இருக்கு.

டாட் கிட்இக்னோர் ஃபைல் ரெப்போக்குள்ள இருக்கும், டீம்ல எல்லாருக்கும் போகும். டீம்ல எல்லார்கிட்டயும் இருக்கப்போற சொந்த ஃபைல் பேரை இங்க போடுங்க.

கிட் ஃபோல்டருக்குள்ள இன்ஃபோ, அதுக்குள்ள எக்ஸ்க்ளூட்னு ஒரு ஃபைல். இது இந்த ரெப்போக்கு, உங்களுக்கு மட்டும். நீங்க மட்டும் வெச்சிருக்கற குறிப்பு ஃபைல், சோதனை ஸ்கிரிப்ட் இதெல்லாம் இங்க.

மூணாவது, உங்க யூசருக்கான குளோபல் இக்னோர் ஃபைல். உங்க எடிட்டர் போடற குப்பை ஃபைல்கள் எல்லா ப்ராஜெக்ட்லயும் வரும் இல்ல, அது இங்க. நீங்க எந்த எடிட்டர்ல வேலை செய்யறீங்கன்னு டீமோட டாட் கிட்இக்னோர்ல ஊருக்கே சொல்ல வேண்டியது இல்ல.

ஒரு ஃபைல் ஏன் இக்னோர் ஆகுதுன்னு புரியலைன்னா, கிட் செக்-இக்னோர் கமாண்டை வி ஆப்ஷனோட ஓட்டுங்க. எந்த ஃபைல்ல எந்த வரியால இக்னோர் ஆச்சுன்னு சொல்லிடும்.

ஏற்கனவே உள்ள போன ஃபைல்

இதுலதான் பாதிப் பேர் மாட்டிக்கறாங்க. டாட் கிட்இக்னோர்ல பேரைப் போட்டேன், ஆனாலும் மாற்றம் காட்டுதேன்னு கேப்பாங்க. காரணம், இக்னோர் பட்டியல் புது ஃபைலுக்குத்தான் வேலை செய்யும். கிட் ஏற்கனவே கணக்குல எடுத்துக்கிட்ட ஃபைலுக்கு அது பொருந்தாது.

அப்போ இணையத்துல தேடினா ஸ்கிப்-ஒர்க்ட்ரீ, அஸ்யூம்-அன்சேஞ்ச்டுனு ரெண்டு குறுக்கு வழி கிடைக்கும். மாற்றத்தைக் கண்டுக்காதேன்னு கிட்கிட்ட சொல்ற மாதிரி தெரியும். ஆனா ரெண்டும் இதுக்காகச் செஞ்சது இல்ல. ட்ராக் ஆகற ஃபைலோட மாற்றத்தை இக்னோர் பண்ண கிட்ல வழி இல்லைன்னு கிட்டோட கேள்வி பதில் பக்கமே சொல்லுது. போட்ட கொடி உங்க மெஷின்ல மட்டும்தான் இருக்கும், போட்டதை நீங்களே மறந்துடுவீங்க. ஒரு நாள் அந்த ஃபைல்ல வேற யாராவது உண்மையான மாற்றம் பண்ணுவாங்க, அன்னைக்கு புல் பண்ண முடியாம நிப்பீங்க. கறையை மடிப்புக்குள்ள மறைச்சு பேக் பண்ணின பீஸ் மாதிரிதான் இது. பெட்டியைப் பிரிச்சா தெரிஞ்சிடும்.

நேர் வழி இது. கிட் ஆர்எம் கமாண்டை கேச்டு ஆப்ஷனோட ஓட்டினா, ஃபைல் உங்க டிஸ்க்ல அப்படியே இருக்கும், கிட் கணக்குல இருந்து மட்டும் போயிடும். அப்புறம் டாட் கிட்இக்னோர்ல பேரைச் சேத்து, ரெண்டையும் ஒரே கமிட்டாப் போடுங்க.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கமிட்டை மத்தவங்க புல் பண்ணும்போது, அவங்க மெஷின்ல அந்த ஃபைல் அழிஞ்சிடும். அவங்க பார்வைல அது டெலீட். அதனால முன்னாடியே டீம் குரூப்ல ஒரு வரி போடுங்க: "புல் பண்றதுக்கு முன்னாடி செட்டிங்ஸ் ஃபைலை வேற ஃபோல்டர்ல காப்பி எடுத்து வெச்சுக்குங்க." இந்த ஒரு வரி போடாம விட்டா நாள் முழுக்க உங்க போன் அடிச்சுட்டே இருக்கும்.

எடுத்த ஃபைலுக்குப் பதிலா ஒரு மாதிரி ஃபைலை உள்ள வெய்ங்க. பேரோட கடைசில எக்ஸாம்பிள்னு சேத்துக்கறது வழக்கம். அதுல எல்லா செட்டிங் பேரும் இருக்கும், ஒவ்வொண்ணும் எதுக்குன்னு ஒரு வரி விளக்கம் இருக்கும், ரகசியம் இருக்கற இடம் மட்டும் காலியா இருக்கும். புதுசா வர்றவங்க அதைக் காப்பி பண்ணி, நிரப்பி, ஓட்டிடலாம்.

டெஸ்ட் பில், நிஜ ஐஆர்என்

இப்போ மூணாவது டப்பாக்கு வரேன். பில் போடற சாஃப்ட்வேர் செய்யறவங்க இந்தப் பகுதியை ரெண்டு தடவை படிங்க.

ஜிஎஸ்டில இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1-ல 500 கோடிக்கு மேல விற்றுமுதல் இருக்கற கம்பெனிகளோட ஆரம்பிச்சது. படிப்படியாக் குறைஞ்சு, 2023 ஆகஸ்ட் 1-ல இருந்து 5 கோடிக்கு மேல இருந்தாலே கட்டாயம். அதாவது திருப்பூர்ல நடுத்தர யூனிட்டும் இதுக்குள்ள வந்தாச்சு. உங்க சாஃப்ட்வேர் பில் விவரத்தை அனுப்பும், போர்ட்டல் 64 எழுத்து உள்ள ஐஆர்என் ஒண்ணும் கியூஆர் கோடும் திருப்பித் தரும்.

டெவலப்பர்கள் சோதிக்க தனியா சாண்ட்பாக்ஸ் இருக்கு. நிஜ போர்ட்டலுக்கும் சாண்ட்பாக்ஸுக்கும் உங்க கோட்ல என்ன வித்தியாசம்? ஒரு முகவரி வரியும் லாகின் விவரமும். ரெண்டுமே செட்டிங்ஸ் ஃபைல்ல.

இப்போ கோயம்புத்தூர்க்காரர் ஒரு கஸ்டமர் பிரச்சினையைப் பாக்க, நிஜ முகவரியையும் லாகினையும் தன் செட்டிங்ல போட்டு, அந்த ஃபைல் பொதுவுல ஏறிடுச்சுன்னு வெச்சுக்குங்க. மறுநாள் ஆபீஸ்ல இருக்கறவர் புல் பண்ணி, வழக்கம் போல பத்து டெஸ்ட் பில் போடறார். பத்துக்கும் நிஜ ஐஆர்என் வந்துடும். கஸ்டமர் பேர்ல, அரசாங்கக் கணக்குல. போர்ட்டல்ல ரத்து பண்ண 24 மணி நேரம்தான் டைம். ரத்து பண்ணினாலும் அந்த பில் நம்பரைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. 24 மணி நேரம் தாண்டிட்டா கிரெடிட் நோட், ரிட்டர்ன்ல திருத்தம், ஆடிட்டருக்கு விளக்கம்னு போயிட்டே இருக்கும். சனிக்கிழமை சாயந்திரம் நடந்து திங்கக்கிழமை காலைல பாத்தா நேரம் ஓடிப்போயிருக்கும்.

அதனால ரெண்டு விதி. ஒண்ணு, பொது ஃபைல்ல இருக்கற மதிப்பு எப்பவும் ஆபத்தில்லாததா இருக்கணும். சொந்த ஃபைலே இல்லாம ஒருத்தர் ஓட்டினா சாண்ட்பாக்ஸுக்குத்தான் போகணும். ரெண்டு, நிஜ லாகின் சர்வர்ல மட்டும் இருக்கணும். டெவலப்பர் லேப்டாப்புக்கு அது வரவே தேவையில்ல.

தேவையான செட்டிங் எதுவும் இல்லைன்னா சாஃப்ட்வேர் சத்தமா நிக்கட்டும். "எடை மெஷின் போர்ட் குறிப்பிடலை, மாதிரி ஃபைலைப் பாருங்க"ன்னு திரைல வரட்டும். சத்தமில்லாம எடையைப் பூஜ்ஜியம்னு எடுத்துக்கிட்டு ஸ்டாக்ல ஏத்தறதை விட அது எவ்வளவோ மேல்.

ஜாப் ஒர்க் ஆள்கிட்ட இருந்தும் கசியும்

நாம சின்ன டீம், நம்ம கோடை யார் பாக்கப் போறாங்கன்னு தோணலாம். டொயோட்டா 2022 அக்டோபர்ல வெளியிட்ட தகவலைப் பாருங்க. அவங்க டி-கனெக்ட் சேவையோட வெப்சைட்டைச் செய்ய எடுத்த சப் கான்ட்ராக்டர், சோர்ஸ் கோடோட ஒரு பகுதியை கிட்ஹப்ல பொதுவா வெச்சிருந்தாங்க. அதுக்குள்ள டேட்டா சர்வரோட ஆக்சஸ் கீ இருந்துச்சு. 2017 டிசம்பர்ல இருந்து 2022 செப்டம்பர் வரைக்கும், ஏறக்குறைய அஞ்சு வருஷம். 2,96,019 வாடிக்கையாளர்களோட ஈமெயில் முகவரி வெளிய போயிருக்கலாம்னு சொல்லி மன்னிப்புக் கேட்டாங்க. டொயோட்டா மாதிரி பெரிய கம்பெனிக்கே ஓட்டை விழுந்தது ஜாப் ஒர்க் குடுத்த இடத்துல. நீங்க செய்யறதும் யாரோ ஒருத்தருக்கான ஜாப் ஒர்க்தான்.

கீ உள்ள போயிடுச்சுன்னு தெரிஞ்சா, அடுத்த கமிட்ல அந்த வரியை அழிச்சா போதும்னு நினைக்காதீங்க. கிட் பழசு எல்லாத்தையும் ஹிஸ்டரில வெச்சிருக்கும். முதல் வேலை அந்த கீயைச் செல்லாததாக்கிப் புதுசு வாங்கறது. ஹிஸ்டரியைச் சுத்தம் பண்றது அதுக்கு அப்புறம். 2024-ல இருந்து கிட்ஹப் பொது ரெப்போக்களுக்கு புஷ் பண்ணும்போதே தெரிஞ்ச வகை கீக்களைத் தடுக்குது. உங்க பிரைவேட் ரெப்போக்கு அதை நம்பி இருக்காதீங்க. கிட்லீக்ஸ் மாதிரி ஒரு ஓப்பன் சோர்ஸ் டூலை கமிட்டுக்கு முன்னாடி ஓடற மாதிரி போட்டு வெய்ங்க.

யாரோட மெஷினும் இல்லாத ஒரு மெஷின்

எல்லாத்தையும் சரியாப் பிரிச்சுட்டீங்க. அது உண்மையிலயே பிரிஞ்சிருக்கான்னு எப்படித் தெரியும்? யாரோட சொந்த ஃபைலும் இல்லாத ஒரு இடத்துல, ரெப்போவைப் புதுசா இறக்கி, பில்ட் பண்ணிப் பாருங்க. கிட்ஹப் ஆக்ஷன்ஸ், கிட்லேப் எது வேணாலும் இருக்கட்டும். ஷிப்மென்ட்டுக்கு முன்னாடி தைச்சவரே செக்கிங் பாத்தா போதும்னு யாரும் விடறதில்ல, இல்லீங்களா? வேற கண் பாக்கணும். அங்க பில்ட் ஆகலைன்னா, யாரோ ஒருத்தர் லேப்டாப்ல மட்டும் இருக்கற ஏதோ ஒண்ணை நம்பி உங்க ப்ராஜெக்ட் நிக்குதுன்னு அர்த்தம். அந்த ஆள் வேற வேலைக்குப் போற அன்னைக்கு அது தெரியறதை விட, இன்னைக்கே தெரிஞ்சா நல்லது.

கடைசியா ஒண்ணு. சொந்த செட்டிங் நிரந்தரமாச் சொந்தமாவே இருக்கணும்னு இல்ல. மூணு பேரும் ஒரே மாற்றத்தைத் தங்கள் ஃபைல்ல வெச்சிருந்தா, பொது ஃபைல்தான் தப்பு, அதைத் திருத்துங்க. மூணாம் நம்பர் மெஷினுக்கு மட்டும் கூட்ட வேண்டிய டென்ஷனை எல்லா மெஷினுக்கும் கூட்ட வேண்டி வந்தா, ப்ரோகிராமையே திரும்பப் பாக்கணும். மாசத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் உக்காந்து, "உங்க சொந்த ஃபைல்ல என்னங்க இருக்கு?"ன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குங்க. ரகசியத்தை விட்டுட்டு மத்ததைக் காட்டுங்க.

இன்னைக்கே செய்யறதா இருந்தா, கமிட் பண்றதுக்கு முன்னாடி கிட் டிஃப் கமாண்டை ஸ்டேஜ்டு ஆப்ஷனோட ஓட்டி, அனுப்பப் போறதை ஒரு தடவை வாசிங்க. ஒவ்வொரு வரியையும் பாத்து, இது எல்லாருக்குமா, எனக்கு மட்டுமான்னு கேளுங்க. எனக்கு மட்டும்னா, அதை வெளிய எடுத்துட்டு அப்புறம் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம் மக்களே.